ஜாபிக்ஸ்ல ஒவ்வொரு சர்வரா போய் நம்பர் மாத்துறீங்களா?

கேள்வி: ஆஃபீஸ்ல சர்வர்களைக் கண்காணிக்கிற ஜாபிக்ஸ் சாஃப்ட்வேர் போட்டு 140 லினக்ஸ் சர்வர் பாக்குறோம். ஒரு சர்வருக்கு ட்ரிகர் (எப்போ அலர்ட் அடிக்கணும்ங்குற விதி) எழுதி மத்ததுக்கெல்லாம் காப்பி பண்ணிட்டேன். இப்போ டேட்டாபேஸ் சர்வர் 22க்கு மட்டும் சிபியூ அலர்ட்டை 90 பர்சென்ட்ல இருந்து 95 ஆக்கச் சொல்றாங்க. ஒவ்வொண்ணா திறந்துதான் மாத்தணுமா?

பதில்: வேணாம். நீங்க நம்பரை ட்ரிகருக்குள்ளயே எழுதிட்டீங்க, அதான் இந்தப் பாடு. ஜாபிக்ஸ் கூடவே வர்ற லினக்ஸ் டெம்ப்ளேட்டை (பல சர்வருக்குப் பொதுவா மாட்டுற செட்டிங் தொகுப்பு) திறந்து பாருங்க, சிபியூ ட்ரிகர்ல 90னு எங்கயும் இருக்காது, அந்த எடத்துல டாலர் குறியோட ஒரு பேர்தான் இருக்கும், அது யூசர் மேக்ரோ, 90 தனியா மேக்ரோஸ் டேப்ல இருக்கும். அந்த மதிப்பை ஜாபிக்ஸ் முதல்ல ஹோஸ்ட்ல (அதாவது அந்த சர்வரோட செட்டிங்ல) தேடும், இல்லன்னா நேரா லிங்க் ஆன டெம்ப்ளேட்ல, அப்புறம் அதுக்கு உள்ள இருக்குற டெம்ப்ளேட்ல, கடைசியா எல்லாத்துக்கும் பொதுவான குளோபல்ல.

அதனால சொந்தமா 'டிபி லினக்ஸ்'னு ஒரு டெம்ப்ளேட் போட்டு, அதுக்குள்ள ஒரிஜினலை லிங்க் பண்ணி, அதே பேர்ல மேக்ரோ வச்சு 95 குடுங்க. ஒரிஜினல்ல மட்டும் கை வைக்காதீங்க. நான் வச்சேன், அப்கிரேட் அன்னிக்கு புது டெம்ப்ளேட்டை இம்போர்ட் பண்ணதும் நான் மாத்துன நம்பர் எல்லாம் பழையபடி ஆகி ராத்திரி பூரா போன் அடிச்சுது. இன்னொண்ணு, ஒரிஜினல் ஏற்கனவே ஹோஸ்ட்ல நேரா லிங்க் ஆகியிருந்தா முதல்ல அதை எடுக்கணும், ஒரே டெம்ப்ளேட் ரெண்டு வழியா வந்தா எரர் அடிக்கும். எடுக்குறப்போ வெறும் 'அன்லிங்க்' போதும், 'அன்லிங்க் அண்ட் கிளியர்' அமுக்கினா ஐட்டத்தோட (சிபியூ, டிஸ்க் மாதிரி அளக்குற ஒவ்வொண்ணும் ஒரு ஐட்டம்) பழைய டேட்டாவும் போயிடும்.

22 ஹோஸ்ட்டையும் டிக் பண்ணி மாஸ் அப்டேட்ல லிங்க் குடுங்க. ஐட்டத்தோட அடையாளப் பேரான கீ ஒண்ணா இருந்தா டெம்ப்ளேட் அதையே எடுத்துக்கும், ஹிஸ்டரி போகாது. ஆனா நீங்க கையால எழுதுன ட்ரிகர் அப்படியே நிக்கும், ஒரே பிரச்சனைக்கு ரெண்டு அலர்ட் வரும், ட்ரிகர் லிஸ்ட்ல 'இன்ஹெரிட்டட்: நோ'னு ஃபில்டர் போட்டு பழைய சிபியூ ட்ரிகரைத் தேடி அழிச்சிடுங்க.

டிஸ்க்குக்கு இன்னும் வசதி. பேக்கப் டிஸ்க் எப்பவுமே 93 பர்சென்ட்லதான் நிக்கும்னா சர்வர் மொத்தத்துக்கும் லிமிட்டை ஏத்தாதீங்க, மேக்ரோ பேருக்குப் பின்னாடி கோலன் போட்டு அந்த மவுண்ட் பாத்தை (டிஸ்க் மாட்டியிருக்குற ஃபோல்டர்) எழுதுனா அதுக்கு மட்டும் 97 வைக்கலாம். பாஸ்வேர்டு மேக்ரோன்னா டைப்பை 'சீக்ரெட் டெக்ஸ்ட்' ஆக்கிடுங்க, 5.0ல இருந்தே இருக்கு.

6.0க்கு மேல இருந்தா டிபி டெம்ப்ளேட்லயே ஒரு டேக் போட்டு வைங்க, அதுல வர்ற பிராப்ளம் எல்லாத்துலயும் அந்த டேக் ஒட்டிக்கும், சர்வீஸ் பக்கத்துல அந்த டேக்கைக் குடுத்து எஸ்எல்ஏவையும் (எவ்வளவு நேரம் தடையில்லாம ஓடும்ங்குற வாக்கு) அமைச்சு வச்சா பேரோல் மாதிரி சர்வீஸோட கணக்கு தானா ஓடும். 99.9 பர்சென்ட்ங்குறது 30 நாளைக்கு 43 நிமிஷம்தான் நிக்கலாம்னு அர்த்தம், யோசிச்சு வாக்கு குடுங்க.

முதல்ல ஒரே ஒரு சர்வர்ல பண்ணிட்டு, ஹோஸ்ட்டோட மேக்ரோஸ் டேப்ல 'இன்ஹெரிட்டட் அண்ட் ஹோஸ்ட் மேக்ரோஸ்' அமுக்கிப் பாருங்க. 95 எந்த டெம்ப்ளேட்ல இருந்து வருதுன்னு பக்கத்துலயே காட்டும், சரியா இருந்தா மிச்சம் 21ஐ தொடுங்க.