காசு மேல் பச்சைப் பிசுக்கு

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்களையும் ஓட்டைக் காலணாக்களையும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் பச்சையாக, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஈரம் பட்டிருக்குமா? புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் புளியைக் கீழே வையுங்கள்.

ஈரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அந்த ஆல்பம்தான். மெத்தென்று வளைகிற, பளபளப்பான உறைகள் பலவும் பிவிசியில் செய்தவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதானே. அதை இளக்குவதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். நாளாக ஆக அது கசிந்து காசில் படியும். விரலில் ஒட்டுவது இதுதான். பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளியேறும். அது செம்பை அரிப்பதால் வருவது பச்சை. புழுக்கமும் சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். உங்கள் ஊர் பீரோவில் இரண்டுக்கும் குறைவிருக்காது.

வெள்ளிக்கு எங்கிருந்து பச்சை என்று கேட்பீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு வெள்ளி அல்ல, செம்புதான் கலந்திருக்கிறது. ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துச் செம்பை ஏற்றிவிட்டார்கள். அந்த ரூபாய் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா வெண்கலம். அமிலத்துக்கு அதுவே விருந்து.

கழுவ வேண்டியது அசிட்டோனில். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது. அதில் வாசனையும் நிறமும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் கேளுங்கள். சட்டெனத் தீப்பிடிக்கும், ஆகவே அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில்தான் ஊற்ற வேண்டும். சில பிளாஸ்டிக் கிண்ணங்கள் அதிலேயே கரைந்துவிடும். காசை ஊறப் போட்டு, இடையில் புரட்டி விடுங்கள். பிசுக்கு கழன்றதும் வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, ஓரத்தைப் பிடித்து எடுத்து அப்படியே உலர விடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். கை பரபரக்கும், தெரியும், வேண்டாம். பிசுக்கு போகும். ஆனால் அமிலம் அரித்த குழி திரும்ப நிரம்பாது. அதனால்தான் சீக்கிரம் செய்யச் சொல்கிறேன்.

அப்புறம் அதே ஆல்பத்தில் திரும்பப் போட்டுவிடாதீர்கள். உறையில் ஒரு துண்டு வெட்டி, தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழியை உதறி விடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன்; பயமில்லை. மெத்தென்று இருந்து மூழ்கினால் தூக்கி எறியுங்கள். மைலார் என்ற பாலியெஸ்டர் தாளும் மூழ்கும், ஆனால் அது விறைப்பாக இருக்கும், கசக்கினால் சரசரக்கும், நல்ல பொருள். மைலார் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர் மலிவாகவே கிடைக்கிறது. அதில் ஸ்டேப்ளர் ஊசியின் முனையை இடுக்கியால் தட்டையாக்கி விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறிவிடும். விலை உயர்ந்த ரூபாய்க்கு அக்ரிலிக் கேப்ஸ்யூல். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

கேள்வி: விபூதி போட்டுத் தேய்த்தால் வெள்ளிக் காசு பளிச்சென்று ஆகிறதே, அதில் என்ன தவறு? (வாசகி, மதுரை)

பதில்: வெள்ளிக் குத்துவிளக்குக்குத் தேயுங்கள். காசில் தேய்த்தால் ராஜாவின் தாடியும் சேர்ந்து தேயும். பழைய காசின் மங்கலான நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுக்கிறார்.

கேள்வி: வயலில் கிடைத்த சோழர் செப்புக் காசில் வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. பிளாஸ்டிக் பையில் வைத்ததாலா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: இல்லை. உங்களுடையது வேறு நோய். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு செம்புக்குள் ஏறி, காற்றும் ஈரமும் பட்டதும் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. அசிட்டோன் இதை நிறுத்தாது. மற்றக் காசுகளோடு சேர்க்காமல், சிலிக்கா ஜெல்லோடு நன்றாக மூடும் டப்பாவில் வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகப் பொருட்களைப் பேணும் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது; அவர்களிடம் யோசனை கேட்கலாம்.

அதற்கு முன் இன்னொரு வேலை. மண்ணில் புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு என்று சிரிக்காதீர்கள், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. கடிதம் எழுதிவிட்டு, நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.