முகமும் மருத்துவச் சான்றும்: வேலைக்குச் செல்லும் பெண்களின் கேள்விகள்

(ராணிப்பேட்டை காலணித் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் தருகிறார்.)

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். உடல் பெருத்துவிட்டது, எப்போதும் அசதி. தைராய்டு என்கிறார் டாக்டர். சூப்பர்வைசரோ "தின்றுவிட்டுத் தூங்குகிறாய்" என்று எல்லோர் முன்னாலும் ஏசுகிறார். அவரிடம் நோயைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை ஏறும், கை மந்தமாகும், குளிர் தாங்காது. காய்ச்சலைப் போல் தொட்டுப் பார்த்து அறிய முடியாது என்பதால் பார்ப்பவர் சோம்பல் என்று முடிவு கட்டிவிடுவார். மாத்திரையின் அளவு சரிதானா என்று தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை விடுப்புக் கடிதத்தில் "உறவினர் திருமணம்" என்று எழுதாதீர்கள். நம் பெண்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடைசியில் கோப்பில் "அடிக்கடி விடுப்பு" என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள். அங்குள்ள மருத்துவர் ஓய்வு தேவை எனச் சான்று தந்தால், காப்பீட்டுக்குச் சந்தா கட்டிய நாட்களும் போதுமானதாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சான்றின் நகலைப் பணியாளர் பிரிவில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சூப்பர்வைசரிடம் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கேள்வி (குடியாத்தம்): முகத்தில் வெண்புள்ளிகள். துணிக்கடை நேர்காணலில், "வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கிடங்கில் இருங்கள்" என்கிறார்கள்.

பதில்: வெண்புள்ளி ஒட்டாது. நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது அது. 1955 முதல் கரிகிரி மருத்துவமனையில் தொழுநோய்க்கு மருத்துவம் பார்த்த மாவட்டத்திலேயே இரண்டையும் குழப்புகிறார்கள் என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் உண்டு, வெண்புள்ளி இல்லை. தோல் மருத்துவரிடம் "தொற்றாது" என எழுதி வாங்கிக் காட்டுங்கள். அப்போதும் கிடங்குதான் என்றால், சம்பளம் அதேதானா என்று கேளுங்கள். குறைவு என்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி (வேலூர்): நகைக்கடையில் நாள் முழுவதும் நிற்கிறேன். கர்ப்பப்பைக் கட்டியால் உதிரப்போக்கு அதிகம். உட்கார்ந்தால் திட்டுகிறார்கள்.

பதில்: தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தப்படி இருக்கை தந்தே ஆக வேண்டும். நோயைக் காரணம் காட்டவே வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்து கேளுங்கள், கால் வலி எல்லோருக்கும்தானே! மறுத்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். ஹீமோகுளோபினையும் பாருங்கள்; 12க்குக் கீழ் என்றால் ரத்தசோகை.

கேள்வி (காட்பாடி): சினைப்பை நீர்க்கட்டியால் முகத்தில் பரு, ரோமம். நேர்காணலில் சொல்ல வேண்டுமா?

பதில்: கேட்காததைச் சொல்ல வேண்டாம். மருத்துவப் படிவத்தில் கேட்டிருந்தால் மறைக்கவும் வேண்டாம். பருவைப் பற்றி எவராவது விசாரித்தால், "சிகிச்சை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள்.