ஹாப்ஸ் வண்டலைப் பானையிலேயே நிறுத்த

வீட்டில் பியர் காய்ச்சும்போது வில்லை ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் பொடித்து அழுத்திய துண்டுகள்) வடிகட்டியை அடைத்து, பாதி வோர்ட் (ஈஸ்ட் சேர்க்கும் முன் உள்ள இனிப்பான மால்ட் சாறு) தரையில் கொட்டியதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. வில்லை கொதியில் கரைந்து பச்சைச் சேறாகிவிடும். அதை வடிகட்டியால் பிடிப்பது பெரும்பாடு.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு என்பதால் ஐஸ் தொட்டியில்தான் ஆறவைப்பீர்கள். முதலில் ஆறட்டும். அப்புறம் கிருமிநீக்கிய கரண்டியால் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றி, மூடி, 20 நிமிடம் பானையைத் தொடாதீர்கள். நகர்த்தினால் கலங்கிவிடும். வண்டல் நடுவே குன்றுபோலக் குவிந்ததும் ஓரத்திலிருந்து சைஃபன் குழாயால் வோர்ட்டை நொதிக்கும் கலத்துக்கு இழுங்கள். கடைசி ஒரு லிட்டரை விட்டுவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மெல்லிய பருத்தித் துணி வாங்கிப் பையாகத் தைத்தும் ஹாப்ஸைப் போடலாம். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நன்றாக ஊறி உப்பும். கொஞ்சம் வண்டல் தப்பிக் கலத்துக்குள் போனாலும் பரவாயில்லை, ஈஸ்ட்டோடு அடியில் படிந்துவிடும்.