டாங்கிள் உடைந்தால் உரிமமும் போய்விடுமா?

தக்கலையில் தையல்கடை நடத்தும் நண்பருக்கு: எம்பிராய்டரி மென்பொருள் இயங்கக் கணினியில் செருகியிருக்க வேண்டிய சிறு யுஎஸ்பி சாவியான டாங்கிளின் முனை உடைந்துவிட்டது, விற்றவர் புதிதாக வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உடைந்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டாங்கிள் தொலைந்தால் உரிமமே தொலைந்ததாகத்தான் பெரும்பாலும் கருதுவார்கள். உடைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு. விற்றவரிடம் மல்லுக்கட்டாமல், பில்லுடன் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள்.

அவர்களும் கைவிரித்தால் மட்டும் நாகர்கோவிலில் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து யுஎஸ்பி முனையை மாற்றுங்கள். உரிமம் உள்ளே உள்ள சிப்பில்தான் இருக்கிறது. முதலிலேயே பிரித்துவிட்டால் மாற்றித் தர மறுக்கக்கூடும்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. பூட்டு டாங்கிளில் இருக்கும்போது அந்தப் பிரதியை வைத்து என்ன செய்வது? காசு கொடுத்து வாங்கியவரைத்தான் இந்தப் பூட்டு வதைக்கிறது.