ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சாயங்காலத்தில் அவளோடு உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பர் படிப்பேன். போன வாரம் ஒரே பக்கத்தில் ‘ரன்’ என்ற சொல் ஆறு, பஸ், ஹோட்டல், அமெரிக்கத் தேர்தல் என நான்கு செய்திகளில் வந்தது. ஆறும் பஸ்ஸும் புரிந்தன. ஹோட்டலை எப்படி ஓடுவது, வேட்பாளர் எங்கே ஓடுகிறார் என்று கேட்கிறாள். அந்தச் சொல்லுக்கு 645 அர்த்தம் என்று எங்கோ படித்தேன். உண்மையா? எப்படி மனப்பாடம் செய்வது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

645 உண்மைதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைப் புதுப்பிக்கும் வேலையின்போது, 2011 வாக்கில் வெளியே தெரிந்த கணக்கு. அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’டுக்குத்தான் முதலிடம்: 430க்கு மேல் பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். ஆனால் வழக்கொழிந்த பொருளையும் அகராதி எண்ணும். நமக்கு அத்தனையும் தேவையில்லை. மனப்பாடமே வேண்டாம்.

மகளை ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று தானாக ஓடுகிறதா, அல்லது யாரோ அதை ஓட்டுகிறார்களா? தமிழில் இதற்குத் தனித்தனி வடிவம் இருக்கிறது: ஓடு, ஓட்டு, நட, நடத்து, உருள், உருட்டு. பழைய ஆங்கிலத்திலும் ஓடுவதற்கு ஒரு வினை, ஓடவைப்பதற்கு இன்னொரு வினை என்று இருந்தது. பின்னால் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின. வடக்கிலிருந்து வந்த நார்ஸ் மொழிக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் வீட்டு ஹோட்டல் குழப்பம் அங்கே தொடங்கியதுதான். பஸ் ‘ரன்’ ஆகிறது என்றால் ஓடுகிறது. ஒருவர் ஹோட்டலை ‘ரன்’ செய்கிறார் என்றால் அதை ஓடவைக்கிறார். நாம் ‘ஹோட்டல் நடத்துகிறார்’ என்கிறோம். அவர்கள் ஓடவைப்பதை நாம் நடக்கவைக்கிறோம், எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

ஆறு ஓடுவதை உவமை என்று நினைத்துவிட வேண்டாம். கால்கள் ஓடுவதும் நீர் ஓடுவதும் அந்த வேர்ச்சொல்லில் ஆதியிலிருந்தே சேர்ந்திருக்கின்றன. ஜெர்மன் மொழி அவற்றைப் பிரித்துக்கொண்டது: நீருக்கு ‘ரின்னென்’, ஆளுக்கு ‘ரென்னென்’. ஆங்கிலமும் தமிழும் பிரிக்கவில்லை. அப்புறம் இயந்திரங்கள் வந்தன. ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் புரோகிராம் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தப் பழைய சொல்லே போதுமானதாக இருந்தது. நாமும் அப்படித்தான் செய்தோம். ஃபேன் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது; பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தேர்தல் விஷயம் வேறு. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். ஒரே மொழி, ஓரிடத்தில் ஓட்டம், ஓரிடத்தில் நிற்பது. தமிழில் நாமும் நிற்கத்தான் செய்கிறோம்: ‘இந்தத் தடவை நம்ம தொகுதியில் யார் நிற்கிறார்?’ அமெரிக்கச் செய்தியில் ‘ரன்னிங் மேட்’ என்று வந்தால், அதிபர் வேட்பாளரோடு சேர்ந்து நிற்கும் துணை அதிபர் வேட்பாளர். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பேச்சு அது. ஒரே லாயத்துக் குதிரைக்குத் துணையாக ஓடவிடும் இன்னொரு குதிரையை அப்படிச் சொன்னார்கள். ‘தேர்தலில் ஓடுகிறார்’ என்று அவள் எழுதினால் உடனே திருத்துங்கள்.

சில இடங்களில் நம் ‘ஓடு’ உதவாது. மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும். இவற்றைப் படிக்கப் படிக்கத்தான் பழக வேண்டும்.

பின்னால் ஒட்டி வரும் சிறு சொற்களை மட்டும் பிரிக்காமல் சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, மோதிக்கொள்வதும் அதுவே. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் கையிருப்பு தீர்ந்துபோவது. பால், பெட்ரோல், பொறுமை எதுவானாலும் சரி. கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் இதை ரன் அவுட்டோடு குழப்பிக்கொள்வார்கள். கடைசியில் அந்த ‘ஆஃப்’ இருக்கிறதா என்று பார்க்கப் பழக்கிவிடுங்கள்.