வாசகர் கேள்வி பதில்: பிஎச்டி-ன்னா கூகுள் ஃபார்ம் தானா?

கேள்வி: சார், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்ல பிஎச்டி பண்றேன், கோர்ஸ் ஒர்க் முடிஞ்சிடுச்சு. யூபிஐ-யை எடுத்துக்கோ, டாம் மாடலைப் போடு, கூகுள் ஃபார்ம்ல நானூறு பேர்கிட்ட வாங்கிட்டா தீசிஸ் ரெடின்னு சீனியர்ஸ் சொல்றாங்க. ஆரம்பிச்சுடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அவசரப்படாதீங்கம்மா. எதைக் கண்டுபிடிக்கப் போறீங்கன்னு உங்க லெட்டர்ல எங்கயுமே இல்லையே!

டாம்ங்கறது ஃப்ரெட் டேவிஸ் 1989ல எம்ஐஎஸ் குவார்ட்டர்லிங்கற ஆராய்ச்சிப் பத்திரிகைல எழுதினது, ஒரு சாஃப்ட்வேர் பிரயோஜனமா இருக்கும், ஈஸியா இருக்கும்னு ஆளுங்க நினைச்சா அதை யூஸ் பண்ணுவாங்கன்னு சொல்ற மாடல். ஆபீஸ்ல ஈமெயிலே புதுசா இருந்த காலம், அப்போ அது பெரிய விஷயம்தான். 2003லயே வெங்கடேஷ்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் இந்த மாதிரி எட்டு மாடலை ஒண்ணாக்கி யூடாட்னு கொண்டு வந்துட்டாங்க. இப்போ போய் யூபிஐ ஈஸியா இருக்கான்னு கேட்டா நானூறு பேரும் ஆமான்னுதான் டிக் அடிப்பாங்க, அதுல நமக்கு என்ன புதுசா தெரியப்போகுது?

அதுக்கு பதிலா இப்படி யோசிங்க. கடை வாசல்ல க்யூஆர் ஒட்டியிருக்கும், ஆனா பெரிய தொகைன்னா 'கேஷா குடுங்களேன்'னு சில கடைக்காரர் கேட்பார். ஏன்? வரி பயமா, சரக்கு குடுக்கறவர் கேஷ் தான் வாங்கறாரா, இல்ல அக்கவுண்ட்ல விழற காசை வீட்ல வேற யாராவது பார்க்கறாங்களா? இதையெல்லாம் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடற சர்வே ஸ்கேல்ல யாரும் சொல்ல மாட்டாங்க, கடையில போய் உட்காரணும், பேசணும், மறுபடியும் போகணும். இந்தியாவுல மாவட்ட நிர்வாகத்துக்கு ஜிஐஎஸ், அதாவது இடம் சார்ந்த தகவலை மேப்ல காட்டற கம்ப்யூட்டர் சிஸ்டம், கொண்டு வந்தப்போ என்னென்ன சிக்கல் வந்துச்சுன்னு வால்ஷாம், சாஹேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஆளுங்ககிட்ட பேசிப் பேசித்தான் ஆராய்ஞ்சாங்க, 1999ல அதே எம்ஐஎஸ் குவார்ட்டர்லில வந்துச்சு. சர்வே தப்புன்னு சொல்லலம்மா, உங்க கேள்விக்கு சர்வே தேவைப்பட்டா சர்வே எடுங்க, சர்வே டேட்டாவை அலசற ஸ்மார்ட் பிஎல்எஸ் சாஃப்ட்வேரை ஓட்டத் தெரியும்ங்கறதுக்காக எடுக்காதீங்க.

கேள்வி: லிட்டரேச்சர் ரிவ்யூல, அதான் ஏற்கனவே வந்த ஆராய்ச்சியைப் பத்தி எழுதற பகுதில, நூத்தம்பது பேப்பரோட சுருக்கம் எழுதிட்டேன், கைடு திருப்பி அனுப்பிட்டார்! (வாசகர், மதுரை)

பதில்: அவர் பண்ணது சரிதான் தம்பி. இன்னார் 2015ல இதைச் சொன்னார், இன்னார் 2017ல அதைச் சொன்னார்னு போனா கல்யாண மொய் நோட்டு மாதிரி ஆயிடும். ரிவ்யூ எப்படி எழுதணும்னு வெப்ஸ்டர், வாட்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2002லயே சொன்னது தான், ஆளை வெச்சு அடுக்காம கருத்தை வெச்சு அடுக்குங்க. ஒரு எக்செல் ஷீட், குறுக்கு வரிசைல பேப்பர், நெடுக்கு வரிசைல கருத்து, யார் எதைத் தொட்டிருக்காங்கன்னு டிக் போடுங்க. எங்க காலியா இருக்குன்னு கண்ணுக்கே தெரியும், ஆனா காலியா இருக்குங்கறதே ஒரு காரணம் ஆயிடாது, அதை நிரப்பறதால யாருக்கு என்ன புரியும்னும் நீங்கதான் சொல்லணும். இந்திய பிஎச்டி தீசிஸ்களை ஆன்லைன்ல சேர்த்து வெச்சிருக்கற சோத்கங்கால உங்க தலைப்பைப் போட்டு தேடியும் பார்த்துடுங்க.

கேள்வி: தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் போட்டே ஆகணுமா? (வாசகி, திருச்சி)

பதில்: யுஜிசி 2022 விதில அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஆனா உங்க யுனிவர்சிட்டி தனியா விதி வெச்சிருக்கலாம், அதை முதல்ல கேளுங்க. பணம் கட்டினா ஒரே வாரத்துல போடறோம்னு மெயில் வந்தா மட்டும் படிக்காமலே அழிச்சிடுங்க.