பிறந்த ஊரும் வரிசை எண்ணும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஊரில் இடஒதுக்கீட்டால் தகுதிக்கு மதிப்பில்லை என்று எண்ணி அமெரிக்காவுக்குப் படிக்க வந்ததாகவும், முதுகலை முடித்து, படிப்புக்குப் பின் சில காலம் வேலை பார்க்க விடும் ஓபிடி அனுமதியில் வேலை பார்க்கும் உங்களுக்கு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் இரண்டு ஆண்டுகளாகப் பெயர் விழவில்லை என்றும், உங்களைவிட மதிப்பெண் குறைந்த நண்பருக்கு முதல் முறையிலேயே விழுந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த நாடு பார்ப்பது தகுதியையா, இனத்தையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குலுக்கலை முதலில் முடித்துவிடலாம். ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. பட்டம் உங்களை வாசல்வரை கொண்டுவந்து விடும்; அதற்குப் பிறகு சீட்டெடுப்பது கணினி. 2025 இறுதியில் வந்த விதி, சம்பள நிலை உயர்ந்தவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு தருகிறது. அதாவது, சம்பளத்தையே தகுதி என்று வைத்துக்கொண்டார்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு அது நல்ல செய்தி அல்ல. உங்கள் நண்பர் உங்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

நீங்கள் இன்னும் பார்க்காதது அடுத்த வரிசையை. 2011 ஜூலையில் என் நிறுவனம் எனக்காக, இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டுக்கான முதல் மனுவைப் போட்டது. அந்தத் தேதிதான் வரிசையில் என் இடம். இங்கே எல்லோரும் அதை ப்ரயாரிட்டி டேட் என்பார்கள். அதே ஆண்டில், எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கும் மனுப் போட்டார்கள். வேலையும் பட்டமும் ஒன்று, மதியச் சாப்பாட்டில் பேசிய மொழியும் ஒன்று. அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில், நான் பிறந்தது விருதுநகரில். அவருக்கு 2013 தொடக்கத்தில் அட்டை வந்துவிட்டது. நானோ மாதந்தோறும், வரிசை எந்தத் தேதிவரை வந்திருக்கிறது என்று சொல்லும் வெளியுறவுத் துறையின் விசா புல்லட்டினைத் திறந்து, இந்தியா என்ற பத்தியில் இருந்த தேதியைப் பார்த்து மூடுவதைப் பத்து ஆண்டுகள் செய்தேன். சில மாதம் ஒரு வாரம் முன்னால் போகும். சில மாதம் ஆண்டுக்கணக்கில் பின்னால் போய்விடும். 2021 செப்டம்பரில் என் தேதி வந்தது. இடையில் நான் ஒன்றும் அறிவாளியாகிவிடவில்லை. கொரோனாவில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்பப் பிரிவில் செலவாகாத எண்கள் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்தன. அந்த ஆண்டு வேலைவாய்ப்புப் பிரிவுக் கிரீன் கார்டுகளின் 1,40,000 என்ற வழக்கமான எண்ணிக்கை ஏறத்தாழ 2,62,000 ஆயிற்று. என் தகுதியை நகர்த்தியது ஒரு கொள்ளைநோய்.

அந்த 1,40,000 என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எண். ஊழியரின் கணவரோ மனைவியோ, பிள்ளைகளோ வந்தால் அவர்களும் அதே கணக்கில்தான் சேர்வார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. மற்றவர்கள் எடுக்காமல் மிஞ்சினால்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே வரம்பு. நீங்கள் எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. கனடாக் குடிமகனாக மாறினாலும் விருதுநகரில் பிறந்தவர் விருதுநகரில் பிறந்தவரே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விசா வழங்குவதில் இனம், பால், தேசியம், பிறந்த இடம் ஆகியவற்றால் யாருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வாக்கியமே சில விதிவிலக்குகளோடுதான் தொடங்குகிறது. அவற்றுள் ஒன்று, அந்தச் சட்டத்திலேயே அடுத்து வரும் இந்த நாட்டு வரம்பு.

இதை இனவெறி என்று சொல்லலாமா? 1965-க்கு முன்பிருந்ததைத் தெரிந்துகொண்டால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அளந்து பயன்படுத்துவீர்கள். 1790-ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமை வெள்ளையருக்கே என்றது. 1917-இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவடைத்தார்கள். 1929 முதல் நடந்த ஒதுக்கீட்டில் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் ஆண்டுக்கு 65,721 இடம். 1946-இல் இந்தியாவுக்குத் திறந்தபோது கிடைத்தவை 100. அது இனத்தை வெளிப்படையாக எழுதி வைத்த சட்டம். இன்றைய வரம்பு அப்படி எழுதவில்லை, ஆனால் விளைவை முக்கியமாகச் சுமப்பவர்கள் இந்தியாவிலும் சீனாவிலும் பிறந்தவர்கள். என்னைக் கேட்டால், இது அநீதி. முந்தையதோடு ஒப்பிடும் அளவுக்கு அநீதி அல்ல. வரம்பை மட்டும் எடுத்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் விட்டால், சில ஆண்டுகளுக்கு நம்மவர்களே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, இன்று காத்திராத நைஜீரியரும் பிரேசில்காரரும் காத்திருப்பார்கள். 2019-இல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறிய, இந்த வரம்பை நீக்கும் மசோதா சட்டமாகாமல் போனதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். 1918-இல் குடியுரிமை கொடுத்துச் சில நாட்களிலேயே பறித்தார்கள். மறுபடி பெற்றதை எதிர்த்து அரசு போன வழக்கு 1923-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வெள்ளையருக்கே என்ற விதி தவறென்று அவர் தரப்பு வாதாடவில்லை. தாம் உயர்சாதி ஆரியர், கலப்பில்லாத இரத்தம், ஆகவே தாமும் வெள்ளையரே என்றுதான் வாதாடினார்கள். சாதாரண மனிதனின் பார்வையில் நீர் வெள்ளையர் அல்லர் என்று நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் எழுதினார். சதர்லண்ட் பிறந்தது இங்கிலாந்தில். திண்ட் தோற்றதும், ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க வழக்குப் போட்டார்கள். நமக்குக் கதவு திறந்தது வேறு விதமாக. கறுப்பின மக்கள் அடிபட்டும் சிறை சென்றும் 1964-இல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965-இல் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்த அந்தக் காற்றில்தான், அதே 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் இடஒதுக்கீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தது பிற்படுத்தப்பட்டோருக்கான இடத்தில். அந்தப் பட்டத்தைத்தான் என் நிறுவனத்தின் வழக்கறிஞர் தகுதிக்குச் சான்றாக மனுவோடு இணைத்தார். எந்த இடத்தில் சேர்ந்தாய் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை. நம்மவர் வீட்டு விருந்துகளில்தான் கேட்டார்கள், சுற்றிவளைத்து. 2023-இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது, இங்கே ஏது சாதி என்று பொங்கியவர்களில் சிலரை அந்த விருந்துகளில் பார்த்திருக்கிறேன். 'நான் தகுதியானவன், அடுத்தவன் அல்ல' என்று சொல்லும்போதெல்லாம் திண்டின் வக்கீல்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இனி நடைமுறை. விசா கிடைத்து வேலை நிலைத்ததும் கிரீன் கார்டு மனுவைத் தள்ளிப்போட விடாதீர்கள். ஒரு மாதத் தாமதம் வரிசையில் ஆண்டுகளாகலாம். பிள்ளைகள் 21 வயதைத் தொட்டால் உங்கள் மனுவிலிருந்து வெளியே விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்பதையும் இப்போதே அறிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில், அடுத்த ஆண்டு மணக்கப்போகும் பெண் மஸ்கட்டில் பிறந்தவர் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணவன் மனைவியில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் இருவரையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் இந்திய வரிசையில் நிற்கவே வேண்டியதில்லை, ஓமான் கணக்கில் போகலாம். இதற்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. அவருடைய ஓமான் பிறப்புச் சான்றிதழ் அரபியில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்போடு இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.